டெபியன் ஃப்ரீஸ் காலத்தில் கடைசி நேரத் திருத்தம்: புதிதாகப் பேக்கேஜ் பார்ப்பவர்களுக்கு

உங்கள் பேக்கேஜில் ஒரு மோசமான வழு. திருத்தமும் கையில் இருக்கிறது. ஆனால் டெபியன் இயங்குதளம் அடுத்த வெளியீட்டுக்காக ஃப்ரீஸ் ஆகிவிட்டது, அதாவது புதிய மாற்றங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கிவிட்டது. வழக்கம்போல, புதிய பதிப்புகள் முதலில் போகும் அன்ஸ்டேபிளில் ஏற்றினீர்கள். ஐந்து நாளில், அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங்குக்குப் போக வேண்டியது, போகவே இல்லை. பேக்கேஜின் நிலவரம் காட்டும் டிராக்கர் பக்கத்தைத் திறந்தால் ஃப்ரீஸால் தடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரிதான் நிற்கிறது.

விதிகள் எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எதை முதலில் செய்வது, எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதெல்லாம் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. நான் இதைக் கற்றது சிதறிக் கிடந்த பக்கங்களைப் படித்தும், மற்றவர்கள் போட்ட பழைய விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தும்தான். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். பேக்கேஜ் கட்டத் தெரியும், அன்ஸ்டேபிளும் டெஸ்டிங்கும் என்னவென்று தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாற்றத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கப் போகிறார். வெளியீட்டுக் குழுவில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள். உங்கள் பேக்கேஜைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. வரிசையில் உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஏராளமானோர் நிற்கிறார்கள். அவர் படிக்க வேண்டியதைக் குறைத்துக் கொடுத்தால் உங்கள் திருத்தம் உள்ளே போகும். கீழே வரும் படிகள் பெரும்பாலும் அதற்காகத்தான்.

1. இப்போது எந்தக் கட்டம் என்று பாருங்கள்

ஃப்ரீஸ் ஒரே நாளில் விழும் பூட்டு இல்லை, படிப்படியாக இறுகும். 2025-இல் வந்த டெபியன் 13, அதாவது டிரிக்ஸியின் நாட்களை எடுத்துக்கொள்வோம்.

மார்ச் 15: டிரான்சிஷன் ஃப்ரீஸ். நூலகங்களின் பெரிய மாற்றங்களும், கம்பைலர் போன்ற அடிப்படைக் கருவிகளின் மாற்றங்களும் இதோடு நின்றன.

ஏப்ரல் 15: சாஃப்ட் ஃப்ரீஸ். இதற்குப் பிறகு டெஸ்டிங்கில் இல்லாத பேக்கேஜ் உள்ளே வர முடியாது. ஏற்கெனவே இருப்பவை நகரப் பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

மே 15: ஹார்டு ஃப்ரீஸ். முக்கியப் பேக்கேஜ்களும், உருப்படியான தானியங்கிச் சோதனை இல்லாத பேக்கேஜ்களும் அனுமதி இல்லாமல் நகரா. மற்றவை இருபது நாள் கழித்துத் தாமாக நகரும்.

ஜூலை 27: முழு ஃப்ரீஸ். எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். ஆகஸ்ட் 9 அன்று வெளியீடு.

அடுத்த வெளியீடு ஃபோர்க்கி. அதன் நாட்களை வெளியீட்டுக் குழுவின் தளத்திலும், டெபியன்-டெவல்-அனௌன்ஸ் மடலாடற்குழுவிலும் அறிவிப்பார்கள். அந்த மடலாடற்குழுவில் சேராமல் பேக்கேஜ் பராமரிக்காதீர்கள். அதில் வரும் மடல்கள் மிகக் குறைவு, ஆனால் கெடுத் தேதிகள் எல்லாம் அங்கேதான் வரும்.

இந்தத் தேதிகளை அப்படியே நாள்காட்டியில் குறித்துவைப்பதில் பயனில்லை. பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். ஹார்டு ஃப்ரீஸ் மே 15 என்றால், முக்கியப் பேக்கேஜ் வைத்திருப்பவருக்கு உண்மையான கெடு மே 5. பத்து நாள் காத்திருப்பு முடிந்தால்தானே நகரும்? அதேபோல இருபது நாள் காத்திருப்பில் இருக்கும் பேக்கேஜுக்கு, முழு ஃப்ரீஸ் ஜூலை 27 என்றால் கடைசி நாள் ஜூலை 7. அதற்கும் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே ஏற்றிவிடுங்கள். ஏதாவது ஒரு கட்டமைப்பில் (செயலி வகையில்) பில்ட் தோற்றால் மறுபடி ஏற்ற வேண்டிவரும், அப்போது காத்திருப்பும் முதலிலிருந்து தொடங்கும்.

சேஞ்ச்லாக்கில், அதாவது பேக்கேஜின் மாற்றக் குறிப்பில், அர்ஜென்ஸியை (அவசர நிலையை) ஹை என்று போட்டால் சீக்கிரம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். சாதாரணக் காலத்தில் அது காத்திருப்பைக் குறைக்கும். ஃப்ரீஸில் அதற்கு மதிப்பில்லை.

2. உங்கள் பேக்கேஜ் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிராக்கர் தளத்தில் உங்கள் பேக்கேஜ் பெயரைப் போடுங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, அது முக்கியப் பேக்கேஜா? அதிகமானோர் நிறுவியிருப்பவை, அடிப்படை நிறுவலுக்கு வேண்டியவை, அவற்றைக் கட்டத் தேவையானவை எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். உங்கள் சின்ன நூலகத்தை யாருமே பயன்படுத்துவதில்லை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். வேறொரு பெரிய பேக்கேஜைக் கட்ட அது தேவைப்பட்டால் அதுவும் முக்கியப் பேக்கேஜ்தான்.

இரண்டாவது, ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட், அதாவது நிறுவிய பேக்கேஜைத் தானாகச் சோதிக்கும் சோதனை, இருக்கிறதா, எல்லாக் கட்டமைப்புகளிலும் தேறுகிறதா? பெயருக்கு ஒரு சோதனை வைத்து, அதைச் சூப்பர்ஃபிஷியல் (மேலோட்டமானது) என்று குறித்திருந்தால் கணக்கில் சேராது. ஃப்ரீஸுக்குப் பல மாதம் முன்பே ஒரு நல்ல சோதனையை எழுதிவையுங்கள். ஹார்டு ஃப்ரீஸில் யாரிடமும் அனுமதி கேட்காமல் திருத்தம் போய்ச் சேர இதைவிட நல்ல வழி இல்லை. ஃப்ரீஸ் வந்த பிறகு சோதனையை எழுதிச் சேர்க்கப் பார்த்தால் அதுவே படிக்க வேண்டிய இன்னொரு மாற்றம் ஆகிவிடும்.

மூன்றாவது, அது யுடெப் தருகிறதா? யுடெப் என்பது டெபியன் இன்ஸ்டாலருக்குள் ஓடும் சிறு பேக்கேஜ். இருந்தால் தடை இரண்டு. வெளியீட்டுக் குழு சரி என்றாலும், இன்ஸ்டாலரைக் கவனிப்பவரும் சரி என்று சொல்ல வேண்டும். நாள் அதிகம் ஆகும் என்று இப்போதே கணக்கில் வையுங்கள்.

3. இந்த மாற்றம் ஃப்ரீஸுக்குத் தகுமா?

இங்கே உங்களுக்கு நீங்களே கறாராக இருக்க வேண்டும்.

வெளியீட்டைத் தடுக்கும் வழுக்கள், அதாவது கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் என்ற மூன்று நிலைகளில் உள்ளவற்றுக்கான குறி தவறாத திருத்தம் என்றால் தாராளமாகக் கேட்கலாம். ஆப்ஷனல் முன்னுரிமையில் உள்ள பேக்கேஜில் இம்பார்ட்டன்ட் நிலை வழுவுக்கும், அன்ஸ்டேபிள் வழியாகவே அனுப்ப முடியும் என்றால், கேட்கலாம். மொழிபெயர்ப்புப் புதுப்பிப்புகளுக்கும் ஆவணத் திருத்தங்களுக்கும் இடம் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்று உங்களிடம் வந்து கிடந்தால் வழுத் திருத்தத்தோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

அப்ஸ்ட்ரீம், அதாவது மென்பொருளை எழுதுபவர்கள், வெளியிட்ட புதிய பதிப்பு என்றால் பொதுவாக வழியில்லை. அதில் நல்ல திருத்தங்கள் இருக்கின்றன என்று சொன்னால், அந்தத் திருத்தங்களை மட்டும் பிரித்துக் கொண்டுவா என்பதுதான் பதிலாக வரும். பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் கருவியின் காம்பாட் நிலையை உயர்த்துவது, பைனரி பேக்கேஜ் பெயரை மாற்றுவது, கோப்புகளை ஒரு பேக்கேஜிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது, கட்டும் முறையையே மாற்றுவது எல்லாம் ஃப்ரீஸில் கூடாது. அவை தவறு என்பதால் இல்லை. அவற்றின் விளைவைச் சோதிக்க நேரமில்லை.

வழுவின் நிலையை உயர்த்திவிட்டால் அனுமதி கிடைத்துவிடும் என்று சிலர் அப்படிச் செய்கிறார்கள். வேண்டாம். நிலை பொருந்தவில்லை என்றால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அதைவிட மோசமாக, அந்த உயர்த்தலால் உங்கள் பேக்கேஜே டெஸ்டிங்கிலிருந்து நீங்கும் பட்டியலில் ஏறிவிடலாம். அதைப் பற்றிப் பதினோராவது படியில் சொல்கிறேன்.

4. கையில் என்னென்ன வேண்டும், என்ன செலவு

கட்டணம் எதுவும் கிடையாது. செலவு நேரமும், இணையத் தரவும், வட்டில் இடமும்தான். அன்ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும் தனித்தனிச் சுத்தமான க்ரூட் (உங்கள் கணினிக்குள்ளேயே தனியாக ஒதுக்கிய டெபியன் சூழல்) வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய பேக்கேஜ் என்றால் கட்டும்போது பல ஜிபி இடம் கேட்கும். மொபைல் தரவை நம்பி வேலை செய்பவர்கள் க்ரூட்டை ஒருமுறை உருவாக்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்காமல் புதுப்பித்து மட்டும் பயன்படுத்தினால் தரவு மிச்சமாகும்.

தொடங்கும் முன் இவற்றை ஒரே கோப்புறையில் சேர்த்துவையுங்கள்: வழுவின் எண், டெஸ்டிங்கில் இப்போது இருக்கும் பதிப்பின் முழு மூலம், அப்ஸ்ட்ரீமில் திருத்தம் செய்யப்பட்ட கமிட்டின் முகவரி, வழுவை மறுபடி வரவழைக்கும் வழிமுறை, கையெழுத்திடப் பயன்படும், காலாவதி ஆகாத ஜிபிஜி சாவி. சாவியின் தேதியை இன்றே பாருங்கள். டெபியன் சாவிவளையத்தில் இருக்கும் சாவி என்றால், காலத்தை நீட்டிய பிறகு அது அங்கே புதுப்பிக்கப்பட நாளாகும். கெடு நேரத்தில் சாவி காலாவதி ஆகிக் கிடந்தால் செய்வதற்கு எதுவுமில்லை.

நீங்கள் டெபியன் டெவலப்பரும் இல்லை, அந்தப் பேக்கேஜுக்கு ஏற்றும் உரிமை பெற்ற டெபியன் மெயின்டெய்னரும் இல்லை என்றால் ஸ்பான்சர் ஒருவர் வேண்டும். வழக்கமாக ஏற்றித் தருபவரிடம் ஃப்ரீஸ் தொடங்கும்போதே பேசிவையுங்கள்: “இந்த மாதங்களில் அவசரம் வந்தால் எத்தனை நாளில் பார்க்க முடியும்?” அவர் ஊரில் இல்லாத வாரம் எது என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும். யாரும் இல்லை என்றால் மென்டர்ஸ் தளத்தில் ஏற்றி, ஸ்பான்சர் கேட்டு ஒரு வழு அறிக்கை போட வேண்டும். அதற்குப் பதில் எப்போது வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

5. திருத்தத்தைச் சிறியதாக்குங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. டெபியன் 12 ஆன புக்வோர்மிலிருந்து டிரிக்ஸிக்கு மேம்படுத்தும்போது உங்கள் பேக்கேஜின் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட் (நிறுவலின் முடிவில் ஓடுவது) பாதியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய அமைப்புக் கோப்பு ஒன்றை அது நீக்கப் பார்க்கிறது. பயனர் அந்தக் கோப்பை முன்பே அழித்திருந்தால் ஆர்எம் கட்டளை தோற்கிறது. உடனே மேம்படுத்தலே நின்றுபோகிறது. நிலை சீரியஸ். திருத்தம், அந்தக் கட்டளைக்கு ஒரு ‘-எஃப்’ சேர்ப்பது.

இதில் எங்கே மாட்டுவோம்? கிட்டில்தான். டெபியனின் கிட் தளமான சல்சாவில் உங்கள் முதன்மைக் கிளையைத் திறந்தால், கடைசியாக ஏற்றிய பிறகு வேறு பல கமிட்டுகள் சேர்ந்திருக்கும். ஸ்டாண்டர்ட்ஸ்-வெர்ஷன் உயர்வு, தானியங்கி அனுப்பிய சிறு சுத்தப்படுத்தல்கள், யாரோ திருத்திய கண்ட்ரோல் கோப்பின் இடைவெளிகள். அங்கிருந்தே கட்டினால் எல்லாம் சேர்ந்து போகும். ஓர் எழுத்துத் திருத்தத்துக்குப் பக்கம் பக்கமாக டிஃப் (மாற்றங்களின் பட்டியல்) போய் நிற்கும்.

அதனால், டெஸ்டிங்கில் இருக்கும் பதிப்பின் டேகிலிருந்து தனிக் கிளை எடுங்கள். அதில் தேவையான ஒரு கமிட்டை மட்டும் போடுங்கள். மற்றவை முதன்மைக் கிளையிலேயே இருக்கட்டும், வெளியீடு முடிந்ததும் போகலாம்.

திருத்தம் அப்ஸ்ட்ரீம் நிரலில் என்றால் டெபியன் கோப்புறைக்குள் ஒரு பேட்ச்சாக வையுங்கள். அதன் தலைப்பகுதியில் எங்கிருந்து எடுத்தது, எந்த வழுவுக்கானது, அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியாயிற்றா என்ற மூன்றையும் நிரப்புங்கள். படிப்பவர் இதை நிச்சயம் பார்ப்பார். அப்ஸ்ட்ரீம் கமிட்டில் தேவையில்லாத வடிவமைப்பு மாற்றங்கள் கலந்திருந்தால் வெட்டி எடுத்துவிட்டு, வெட்டியதைத் தலைப்பகுதியில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

சேஞ்ச்லாக்கில் ‘வழு சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். “போஸ்ட்இன்ஸ்ட்: பழைய அமைப்புக் கோப்பு இல்லாவிட்டாலும் மேம்படுத்தல் நிற்காது” என்கிற அளவுக்கு எழுதுங்கள், கூடவே வழு எண்ணைப் போடுங்கள். டிஃப்பில் இருக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சேஞ்ச்லாக்கில் ஒரு வரி இருக்க வேண்டும்.

6. கட்டுங்கள், சோதியுங்கள்

எஸ்பில்ட் என்ற கருவியை வைத்துச் சுத்தமான அன்ஸ்டேபிள் க்ரூட்டில் கட்டுங்கள். உங்கள் கணினியில் நேரடியாகக் கட்டி ஓடுகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். லின்டியன் (பேக்கேஜில் பிழை தேடுவது), ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட், பியூபார்ட்ஸ் (நிறுவல், மேம்படுத்தல், நீக்கலைச் சோதிப்பது) மூன்றையும் ஓட்டுங்கள். சல்சாவின் தானியங்கிச் சோதனை வரிசையை இயக்கி வைத்திருந்தால் இவை எல்லாம் அங்கேயே நடக்கும். வேகம் குறைந்த கணினி வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

அப்புறம் கையால் ஒரு சோதனை. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் புக்வோர்ம் க்ரூட்டில் பழைய பதிப்பை நிறுவி, அமைப்புக் கோப்பை அழித்து, புதிய பதிப்புக்கு மேம்படுத்திப் பார்க்க வேண்டும். கோப்பை அழிக்காமலும் ஒருமுறை. இரண்டின் முடிவையும் குறித்து வையுங்கள், விண்ணப்பத்தில் தேவைப்படும்.

இன்னொன்றையும் பாருங்கள். கட்டிய பைனரியின் சார்புப் பட்டியலை டெஸ்டிங்கில் இருக்கும் பைனரியோடு ஒப்பிடுங்கள். அன்ஸ்டேபிளில் ஏதோ ஒரு நூலகத்தின் புதுப் பதிப்பு இருந்து, உங்கள் பேக்கேஜ் அதன் மேல் கட்டப்பட்டால், அந்தப் புதுப் பதிப்பே வேண்டும் என்ற சார்பு தானாகச் சேர்ந்துவிடும். அந்த நூலகம் டெஸ்டிங்குக்குப் போகாதவரை உங்களுடையதும் போகாது. உங்கள் திருத்தத்தில் எந்தக் குறையும் இருக்காது, இருந்தும் நகராது. ஃப்ரீஸில் புதுப் பதிப்புகளை அன்ஸ்டேபிளில் ஏற்றாமல், தனிச் சோதனைக் களமான எக்ஸ்பெரிமென்டலில் ஏற்றுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். ஒருவர் ஏற்றியது இன்னொருவருக்குத் தடையாகிறது.

7. டெப்டிஃப் எடுத்து, முதலில் நீங்கள் படியுங்கள்

டெஸ்டிங்கில் இருக்கும் பதிப்பின் டிஎஸ்சி கோப்பு (மூலத்தை விவரிப்பது), புதிய பதிப்பின் டிஎஸ்சி கோப்பு. இந்த இரண்டுக்கும் இடையே டெப்டிஃப், அதாவது வேறுபாட்டுப் பட்டியல், எடுக்க வேண்டும். நீங்கள் கடைசியாக ஏற்றிய பதிப்போடு ஒப்பிட்டு எடுப்பது பலரும் செய்யும் தவறு. நடுவில் டெஸ்டிங்குக்குப் போகாமல் நின்ற பதிப்பு ஒன்று இருந்தால், அதன் மாற்றங்களும் இப்போது உள்ளே போகப்போகின்றன. அவையும் டிஃப்பில் தெரிய வேண்டும்.

எடுத்த டிஃப்பை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். தானாக உருவாகும் கோப்புகளால் டிஃப் பெருத்திருந்தால் ஃபில்டர்டிஃப் கொண்டு அவற்றை விலக்கி, எதை விலக்கினீர்கள் என்று விண்ணப்பத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் விலக்கக் கூடாது.

8. அன்பிளாக் விண்ணப்பம்

அன்பிளாக் என்பது ஃப்ரீஸ் தடையை நீக்கக் கேட்பது. இங்கே இரண்டு வழி. திருத்தம் சிறியது, தகுதியில் சந்தேகம் இல்லை என்றால் அன்ஸ்டேபிளில் ஏற்றிவிட்டு விண்ணப்பம் போடுங்கள். சந்தேகம் இருந்தால், டிஃப் பெரிது என்றால், ஏற்றும் முன்பே முன்னனுமதி கேளுங்கள். படிவம் ஒன்றேதான், இன்னும் ஏற்றவில்லை என்பதை முதல் வரியிலேயே சொன்னால் போதும். அவர்கள் கன்ஃபர்ம்டு என்று குறித்த பிறகு ஏற்றலாம்.

வழு அறிக்கை அனுப்பும் ரிப்போர்ட்பக் கருவியை இயக்கி, ‘ரிலீஸ்.டெபியன்.ஆர்க்’ என்ற போலிப் பேக்கேஜைத் தேர்ந்தெடுத்து, வகையில் அன்பிளாக் என்று கொடுங்கள். படிவம் தானாக வரும். ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும். என்ன எழுதுவது என்பதை நம் எடுத்துக்காட்டுக்கே தமிழில் காட்டுகிறேன்:

காரணம்: புக்வோர்மிலிருந்து மேம்படுத்தும்போது பழைய அமைப்புக் கோப்பு இல்லாவிட்டால் போஸ்ட்இன்ஸ்ட் தோற்கிறது. சீரியஸ் வழு, எண் இது.

பாதிப்பு: அனுமதி கிடைக்காவிட்டால், அந்தக் கோப்பை அழித்திருக்கும் பயனர்களின் கணினியில் மேம்படுத்தல் பாதியில் நிற்கும். கையால் சரிசெய்ய வேண்டிவரும்.

சோதனை: கோப்பு இருந்தும் இல்லாமலும் இருமுறை மேம்படுத்திப் பார்த்தாயிற்று. பியூபார்ட்ஸ் தேறியது. தானியங்கிச் சோதனை போஸ்ட்இன்ஸ்டைத் தொடுவதில்லை.

ஆபத்து: ஒரு வரி மாற்றம். இந்தப் பேக்கேஜை நம்பி வேறு பேக்கேஜ் இல்லை.

சரிபார்ப்புப் பட்டியல்: எல்லா மாற்றங்களும் சேஞ்ச்லாக்கில் உண்டு, நானே படித்துப் பார்த்தேன், டெஸ்டிங்கோடு ஒப்பிட்ட டெப்டிஃப் இணைத்திருக்கிறேன்.

கடைசி வரியில் அன்பிளாக், பேக்கேஜ் பெயர், சாய்கோடு, பதிப்பு எண்.

சோதனைப் பகுதியில் கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? எதைச் சோதிக்கவில்லை என்பதையும் எழுதியிருக்கிறது. அது உங்கள் விண்ணப்பத்தைப் பலவீனமாக்காது. படிப்பவர் எங்கே கூடுதலாகக் கண்வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார், நீங்கள் மறைக்கவில்லை என்பதும் தெரியும். ஆபத்துப் பகுதியில் ‘ஆபத்து இல்லை’ என்று ஒற்றை வார்த்தையில் முடிப்பவர்கள்தான் திரும்பக் கேள்வி வாங்குகிறார்கள்.

டெப்டிஃப் இணைக்க மறந்தால் விண்ணப்பம் ஒரு சுற்று பின்னுக்குப் போகும். அனுப்பும் முன் இணைப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

9. மூலத்தை மட்டும் ஏற்றுங்கள்

உங்கள் கணினியில் கட்டிய பைனரியோடு ஏற்றினால் அந்தப் பதிப்பு டெஸ்டிங்குக்குப் போகாது. பைனரிகள் டெபியனின் பில்ட் சேவையகங்களில் கட்டப்பட்டவையாக இருக்க வேண்டும். மூலம் மட்டும் உள்ள சேஞ்சஸ் கோப்பைக் கையெழுத்திட்டு டிபுட் கருவி மூலம் அனுப்புங்கள். ஸ்பான்சர் ஏற்றுகிறார் என்றால் இதை அவருக்கும் நினைவூட்டுங்கள்.

ஏற்றிய பிறகு பில்ட் பதிவுகளைப் பார்ப்பதும் உங்கள் வேலைதான். டிரிக்ஸியில் ஏஎம்டி64, ஏஆர்எம்64, ஆர்மெல், ஆர்ம்ஹெச்எஃப், ஐ386, பிபிசி64இஎல், ரிஸ்க்வி64, எஸ்390எக்ஸ் என்று பட்டியல் நீளம். எஸ்390எக்ஸ்ஸில் பைட் வரிசை தலைகீழ். உங்கள் கணினியில் தேறிய சோதனை அங்கே தோற்கலாம். ஒன்றில் தோற்றாலும் மொத்தமும் நிற்கும்.

10. காத்திருக்கும்போது செய்ய வேண்டியவை

பதில் எத்தனை நாளில் வரும் என்று விதி கிடையாது. சிறிய டிஃப், தெளிவான காரணம் என்றால் சில நேரம் அன்றே வரும். சிக்கலானது என்றால் கிடக்கும். குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மடல் அனுப்ப வேண்டாம். எல்லாரும் ஒரே வழுப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். வெகுநாள் ஆகிவிட்டது, கெடுவும் நெருங்குகிறது என்றால் அதே வழுவில் பணிவாக ஒரு மடல் போடுங்கள். ஓஎஃப்டிசி ஐஆர்சியில் டெபியன்-ரிலீஸ் என்ற அறையும் இருக்கிறது.

இப்போது வருவதுதான் புதியவர்கள் அதிகம் சிக்கும் இடம். குழு உங்களிடம் கேள்வி கேட்டால் வழுவுக்கு மோர்இன்ஃபோ என்று ஒரு குறி போடுவார்கள். அந்தக் குறி இருக்கும்வரை பந்து உங்கள் பக்கம் என்று பொருள். அவர்கள் அந்த வழுவைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் விளக்கமாகப் பதில் எழுதிவிட்டுக் காத்திருக்கிறீர்கள். ஆனால் குறியை எடுக்கவில்லை. அவர்கள் பட்டியலில் உங்கள் விண்ணப்பம் இன்னும் ‘பதில் வரவில்லை’ வரிசையில்தான் இருக்கும். வாரங்கள் போகும். பதில் மடலின் முதல் வரியிலேயே, மோர்இன்ஃபோ குறியை நீக்கும் கண்ட்ரோல் கட்டளையைச் சேர்த்து அனுப்புங்கள். முன்னனுமதி கேட்டவர்களுக்கும் இதே கதிதான். ‘ஏற்றிவிட்டுக் குறியை நீக்குங்கள்’ என்று சொல்வார்கள். ஏற்றுவதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டால் அங்கேயே நிற்கும்.

அனுமதி கிடைத்ததும் உடனே நகர்ந்துவிடாது. மிச்சமிருக்கும் நாட்கள் கழிய வேண்டும். அவசரம் என்று குழு நினைத்தால் அதைக் குறைத்துக் கொடுக்க அவர்களால் முடியும். டிராக்கர் பக்கத்தில் எக்ஸ்கியூசஸ் பகுதியைத் தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள். இன்னும் எத்தனை நாள், எந்தச் சோதனை தோற்றது, எந்தச் சார்பு நிற்கிறது என்று பேக்கேஜ்களை டெஸ்டிங்குக்கு நகர்த்தும் நிரலான பிரிட்னி அங்கே எழுதிவைக்கும். வேறொருவர் பேக்கேஜின் சோதனை உங்களால் தோற்றதாகக் காட்டினால், அது நிஜமான தோல்வியா, சோதனை அவ்வப்போது தவறுமா என்று பார்த்து மறு ஓட்டம் கேளுங்கள்.

11. சிக்கல் வந்தால்

அன்ஸ்டேபிளில் ஏற்கெனவே புதிய அப்ஸ்ட்ரீம் பதிப்பு போய்விட்டது, டெஸ்டிங்கில் பழையது இருக்கிறது. இப்போது பழையதற்குத் திருத்தம் வேண்டும். வழி இரண்டு. அன்ஸ்டேபிளைப் பழைய பதிப்புக்கே திருப்புவது ஒன்று: பதிப்பு எண் குறையக் கூடாது என்பதால் ‘2.0+ரியலி1.9-1’ என்பது போல எண் போட்டு ஏற்ற வேண்டும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் திருத்தம் அன்ஸ்டேபிள் பயனர்கள் கையிலும் சோதனைக்கு உள்ளாகும். இன்னொன்று டெஸ்டிங்-புரொபோஸ்டு-அப்டேட்ஸ்: நேரே டெஸ்டிங்குக்கு, ‘1.9-2+டெப்13யு1’ என்பது போன்ற எண்ணோடு. இதற்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். அந்த வழியில் போகும் பதிப்பை யாரும் பயன்படுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் குழு அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.

அடுத்தது ஆட்டோரிமூவல், அதாவது தானாக நீக்கப்படுவது. முக்கியப் பட்டியலில் இல்லாத பேக்கேஜில் வெளியீட்டைத் தடுக்கும் வழு திறந்து கிடந்தால், ஒரு தேதி குறித்து மடல் வரும். அந்தத் தேதியில் டெஸ்டிங்கிலிருந்து நீக்கப்படும். உங்களை நம்பியிருக்கும் பேக்கேஜ்களும் சேர்ந்து போகும். சாஃப்ட் ஃப்ரீஸுக்குப் பிறகு நீங்கியது திரும்ப வராது. அதாவது அந்த வெளியீட்டிலேயே உங்கள் பேக்கேஜ் இருக்காது. திருத்தத்தில் வேலை நடக்கிறது என்றால் அந்த வழுவில் ஒரு மடல் போட்டு நிலவரம் சொல்லுங்கள், தேதி தள்ளிப்போகும். வழு உங்களுடையதாக இல்லாமல் நீங்கள் சார்ந்திருக்கும் பேக்கேஜினுடையதாக இருந்தாலும் மடல் உங்களுக்கு வரும். அதை ஸ்பேம் கோப்புறையில் விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பேக்கேஜின் பராமரிப்பாளர் பதிலே தரவில்லையா? நீங்களே என்எம்யு, அதாவது பராமரிப்பாளர் அல்லாதவர் ஏற்றுவது, செய்யலாம். வெளியீட்டைத் தடுக்கும் வழு ஏழு நாளுக்கு மேல் பழையது, ஏழு நாளாகப் பராமரிப்பாளர் அசையவில்லை, திருத்தம் வருவதற்கான அறிகுறியும் இல்லை என்றால் தாமதம் இல்லாமலே ஏற்றலாம். அவர் ஏதோ செய்துகொண்டிருக்கிறார் என்றால் இரண்டு நாள் தாமத வரிசையில் ஏற்றுங்கள். இரண்டிலும் டிஃப்பை வழுவுக்கு அனுப்பியாக வேண்டும்.

12. கெடு போய்விட்டதா?

முழு ஃப்ரீஸ் தொடங்கிய சில நாளிலேயே அன்பிளாக் கேட்கும் வாசலும் மூடிவிடும். அந்த நாளையும் நேரத்தையும் யுடிசியில் அறிவிப்பார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாசல் மூடிய பிறகு அன்ஸ்டேபிளில் திருத்தத்தை ஏற்றிவிட்டு, முதல் பாயின்ட் வெளியீட்டுக்கு, அதாவது வெளியான பதிப்பின் திருத்தத் தொகுப்புக்கு, தயாராகுங்கள். 13.1 வந்தது 2025 செப்டம்பர் 6, அதாவது டிரிக்ஸி வெளியாகி நான்கு வாரத்தில். அதற்கான விண்ணப்பமும் இதே ரிலீஸ்.டெபியன்.ஆர்க் வழியாகத்தான். வகையில் மட்டும் அன்பிளாக்குக்குப் பதிலாக ஸ்டேபிளுக்கான ‘பியு’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். படிவத்தின் பகுதிகள் ஏறக்குறைய அதேதான், டெப்டிஃப் இந்த முறை ஸ்டேபிளில் இருக்கும் பதிப்போடு ஒப்பிட்டு எடுக்க வேண்டும். அன்ஸ்டேபிளில் வழு சரிசெய்யப்பட்டு மூடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பாயின்ட் வெளியீட்டுக்கு முந்தைய வார இறுதியில் ஏற்றும் வாசல் மூடும் என்பதால் விண்ணப்பத்தை அதற்கும் முன்பே போட்டுவிடுங்கள். பாதுகாப்புக் குறைபாடு என்றால் இதற்காகக் காத்திருக்க வேண்டாம், நேரே பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுங்கள்.